ஏழடித் தண்ணீர்

அபர்டீன் முனையில் கடலைப் பார்த்தபடி இரண்டு பெரிய பீரங்கிகள் பதினான்கு மாதமாகக் காத்துக் கிடந்தன. உலகப் போர் நேரம். இங்கிலாந்தின் கையிலிருந்த ஃப்ரீடவுன் துறைமுகத்துக்குள் எதிரிக் கப்பல் எதுவும் நுழைந்துவிடக் கூடாதென்று, அவற்றைக் கொண்டுவந்து காரைத் தளத்தில் பதித்து, சுற்றிலும் மணல் மூட்டை அடுக்கி, மேலே பச்சை வலை கட்டி வைத்திருந்தார்கள். எதிரிக் கப்பல் என்று ஒன்றுகூட வரவில்லை. பயிற்சிக்காகப் படகில் கட்டி இழுத்த பலகையைச் சுட்டதோடு சரி, நிஜச் சண்டையில் அவை வாய் திறந்ததே கிடையாது.

முனைக்குப் பின்னால் ஒரு குன்று. அதன் உச்சியில் வானத்தைப் பார்த்தபடி நான்கு பீரங்கிகள். அது விமானங்களைச் சுடும் படை. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை டக்கார் பக்கமிருந்து, எதிரியோடு சமரசம் செய்துகொண்ட பிரெஞ்சுக்காரர்களின் விமானம் ஒன்று, துறைமுகத்தில் எத்தனை கப்பல் நிற்கிறது என்று எண்ணிப் பார்க்க வரும். வந்தால் போதும், குன்றுக்காரர்கள் வானத்தை வெடித்த பஞ்சுக்காடாக்கிவிடுவார்கள். விமானம் அந்தப் பஞ்சுக்கெல்லாம் மேலே நிதானமாக எண்ணி முடித்துவிட்டு வீடு திரும்பும்.

தைமு கானு முனைப் படையில் இருந்தான். சான்டிகி குன்றுப் படையில் இருந்தான். தைமு கட்டியிருந்தது சான்டிகியின் தங்கை யாபோமேயை. இந்த இரண்டு படைக்கும் நடுவில் இருந்த பகையில் பாதி, ஞாயிற்றுக்கிழமை மதியம் யாபோமே வீட்டுச் சோற்றுத் தட்டைச் சுற்றித்தான் நடந்தது.

அந்த ஜனவரி ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். முந்தின வியாழக்கிழமை விமானம் வந்துபோயிருந்தது. தங்கள் குண்டு பட்டு அதன் வாலில் புகை வந்ததாக சான்டிகி சத்தியம் செய்தான். அந்தப் புகையைக் குன்றில் இருந்த நூற்றிருபது பேரில் அவன் ஒருவன்தான் பார்த்திருந்தான். மரவள்ளி இலைக் குழம்பைச் சோற்றில் பிசைந்துகொண்டே, முனைக்காரர்கள் சாப்பிடும் அரிசி தண்டம் என்றும், அந்த இரண்டு பீரங்கிக் குழாயிலும் இந்நேரம் குருவி முட்டையிட்டுக் குஞ்சு பொரித்திருக்கும் என்றும் சொன்னான்.

"நாங்க சுடலை, அதனால குறியும் தப்பலை" என்றான் தைமு. "நீங்க இதுவரைக்கும் எத்தனை குண்டு போட்டீங்க மச்சான்? நானூறா? ஒரு விமானத்துக்கு வழி காட்டுறதுக்கு நானூறு குண்டு ஜாஸ்திதான்."

யாபோமே இரண்டு பேருக்கும் மீனைப் போட்டுவிட்டு, பேசுகிற வாய் தின்னாது என்றாள். அவளுக்கு அண்ணனும் வேண்டும், புருஷனும் வேண்டும். அதனால் எந்தப் பீரங்கி பெரியது என்ற விஷயத்தில் அவள் வாயே திறப்பதில்லை.

தைமுவுக்கு முனையில் என்ன வேலை என்று சொல்ல வேண்டும். அவன் பீரங்கியைத் தொடுகிறவன் இல்லை. முனையின் உச்சியில், கடலுக்கு நூற்றைம்பது அடி மேலே, கல்லால் கட்டிய காவல் கூடம் ஒன்று இருந்தது. அதற்குள் ஒரு தூண்மேல் தூரமானி. பார்க்கப் பெரிய தொலைநோக்கி போல இருக்கும். கூடத்திலிருந்து கீழே சரித்து, கப்பலும் தண்ணீரும் தொடுகிற கோட்டில் அதன் கம்பியைப் பொருத்தினால், பக்கத்தில் இருக்கும் வட்டத் தகட்டில் கப்பல் எத்தனை கஜத்தில் இருக்கிறது என்று எண் வரும். அந்த எண்ணை லெப்டினன்ட் தொலைபேசியில் கீழே சொல்வார். பீரங்கிக்காரர்கள் அந்த எண்ணுக்குக் குழாயை உயர்த்துவார்கள். தைமுவின் கண்ணுக்கும் குண்டு விழும் இடத்துக்கும் நடுவில் வேறு ஒன்றும் கிடையாது.

அந்தக் கருவிக்கு ஒரு பலவீனம் உண்டு. தான் எவ்வளவு உயரத்தில் நிற்கிறோம் என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். முனை அசையாது. ஆனால் கடல் அசையும். கடல் ஏறினால் முனை குட்டையாகும், வற்றினால் முனை வளரும். அதனால் அரை மணிக்கு ஒருமுறை, கடல் ஏறும் வற்றும் நேரங்களை அச்சடித்துச் சுவரில் தொங்கவிட்ட ஓதத் தாளைப் பார்த்து, தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறதென்று கருவியின் பக்கத்திலிருந்த சிறு திருகில் வைக்க வேண்டும். இதை முதல் நாள் வகுப்பில் சொன்னபோது மற்றவர்கள் விழித்தார்கள். தைமு சிரித்தான். பத்து வயதிலிருந்து அபர்டீன் ஓடை வாயில் வலை வீசியவனுக்கு, பூமியே கடலைப் பொறுத்து ஏறி இறங்குகிறது என்பது புதுச் செய்தியாக இல்லை. எழுபது பேரில் அவனைத் தூரமானிக்குத் தேர்ந்தெடுத்தார்கள்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவன் காவலுக்கு ஏறினான். வடக்கிலிருந்து வறண்ட காற்று புழுதியைச் சுமந்துகொண்டு வந்து கடல்மேல் பரப்பியிருந்தது. முனையிலிருந்து பார்த்தால் கடல் இல்லை, வானம் இல்லை. நீர்த்த கஞ்சி போல ஒரே வெளுப்பு. உதடு வெடித்தது. கூடத்துக்குள் லெப்டினன்ட் ஹார்கிரீவ் இரவெல்லாம் புழுதியைத் தின்ற முகத்தோடு நின்றிருந்தார். இங்கிலாந்திலிருந்து வந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. மூக்கு வெயிலில் உரிந்து இரண்டாவது தோல் வந்துகொண்டிருந்தது. நல்ல மனிதர். ஆனால் எதையும் தாளில் பார்த்தால்தான் நம்புவார். தாளில் இருந்தால் எதையும் நம்புவார்.

கூடத்தின் மூலையில், தோட்டாப் பெட்டிமேல், சான்டிகி உட்கார்ந்திருந்தான்.

தைமுவுக்குத் திக்கென்றது. விஷயம் இதுதான்: குன்றுக்குப் போகும் தொலைபேசிக் கம்பியை, விறகு வெட்டப் போனவர்கள் விறகோடு சேர்த்து வெட்டிவிட்டார்கள். கம்பி சரியாகும்வரை குன்றுக்கான செய்தியெல்லாம் முனைக்குத்தான் வரும். அதைக் கேட்டு ஓடிப்போய்ச் சொல்ல அங்கிருந்து ஓர் ஆள் வேண்டும். குன்றுக்காரர்கள் வாய் ஓயாத ஒருவனைத் தங்கள் பக்கத்திலிருந்து அப்புறப்படுத்த இதைவிட நல்ல சமயம் கிடைக்காது என்று நினைத்திருக்க வேண்டும்.

சான்டிகி மச்சானுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, இங்கே உட்கார்ந்தால் தூக்கம் நன்றாக வருகிறது, இப்போதுதான் முனைப் படையின் அருமை புரிகிறது என்றான். தைமு தாளைப் பார்த்தான். திங்கள், எட்டு மணி: வற்றம். திருகு ஏற்கெனவே அந்த எண்ணில்தான் இருந்தது. சரிபார்க்கத் தண்ணீரைப் பார்த்தால் கஞ்சிதான் தெரிந்தது. சரியென்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

எட்டரை மணிக்குப் புழுதி கிழியத் தொடங்கியது. முதலில் தொலைவில் ஒரு கிழிசல். அந்தக் கிழிசலுக்குள் ஒரு கப்பல்.

சாம்பல் நிறம், ஒற்றைப் புகைக்கூண்டு. தனியாக வந்தது. கொடி இல்லை. துறைமுகத்துக்கு வருகிற எந்தக் கப்பலும் முதலில் வெளியே நிற்கும் சோதனைப் படகிடம் போய், அன்றைய அடையாளக் கொடியைக் காட்டி, உள்ளே வர அனுமதி வாங்க வேண்டும். அதுதான் ஒழுங்கு. இந்தக் கப்பல் சோதனைப் படகைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே முனையை நோக்கி வந்தது. படகு ஊதியது, விளக்கை மினுக்கியது, பின்னாலேயே ஓடியது. கிழவி ஆட்டுக்கடாவைத் துரத்துவது போலத்தான் இருந்தது.

அதைவிட மோசம் ஒன்று இருந்தது. அது வந்துகொண்டிருந்த வழி கப்பல் வழியே இல்லை. சிவப்பு மிதவைக்கு வடக்கே நம் ஆட்களே கண்ணிவெடிகளை வரிசையாகக் கட்டிப் போட்டிருந்தார்கள். இதே போக்கில் வந்தால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் கப்பல் அந்த வரிசையில் மோதும். அது எதிரியாக இருந்தால் போகட்டும். நம் கப்பலாக இருந்தால்?

லெப்டினன்ட் துறைமுகத் தலைமையகத்துக்குப் பேசினார். பதில் சுருக்கமாக வந்தது. முதலில் எச்சரிக்கைக் குண்டு ஒன்று. கப்பலுக்கு முன்னால் முந்நூறு கஜத்தில் விழ வேண்டும். அதற்கும் நிற்காவிட்டால் அடுத்தது கப்பல்மேல்.

கீழே பீரங்கித் தளத்தில் மணி அடித்தது. சார்ஜன்ட் சோரியின் குரல் பாறையில் மோதி மேலே வந்தது. பதினான்கு மாதத் தூக்கம் ஒரே நொடியில் கலைந்து, ஆட்கள் வெடிமருந்து அறைக்கும் பீரங்கிக்கும் ஓடினார்கள். சான்டிகி பெட்டியிலிருந்து எழுந்து நின்றுவிட்டான். கேலி முகம் எங்கோ போய்விட்டது.

தைமு கப்பலின் அடிக்கோட்டில் கம்பியைப் பொருத்தினான். "ஆறாயிரம்" என்றான்.

லெப்டினன்ட் முந்நூறைக் கழித்தார். ஐயாயிரத்து எழுநூறு என்று தொலைபேசியில் சொன்னார். கீழே குழாய் உயர்ந்தது.

அந்த நேரத்தில்தான் புழுதி இடதுபக்கமும் கிழிந்து, அபர்டீன் ஓடை வாய் தெரிந்தது. தைமு வேண்டுமென்று பார்க்கவில்லை, கண் பழக்கத்தில் போனது. ஒரு தோணி. மூன்று பெண்கள், நடுவில் விளிம்புவரை விறகு. ஓடை வாயை அடைத்துக் கிடக்கும் மணல் திட்டின்மேல் சர்வசாதாரணமாகத் துடுப்புப் போட்டுப் போய்க்கொண்டிருந்தார்கள். வற்றத்தில் அந்தத் திட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வெறும் தோணியையே இறங்கி இழுக்க வேண்டும். விறகு ஏற்றிய தோணி அதன்மேல் மிதக்க வேண்டுமானால் கடல் நன்றாக ஏறியிருக்க வேண்டும்.

அவன் திருகைப் பார்த்தான். வற்றம். மறுபடி தோணியைப் பார்த்தான்.

"சார், தண்ணி தப்பா இருக்கு."

லெப்டினன்ட் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்தார். "தண்ணி எப்படித் தப்பா இருக்கும்?"

"கடல் ஏறியிருக்கு சார். நம்ம தாள்ல வத்தம்னு போட்டிருக்கு. ஏழடி வித்தியாசம் இருக்கும். கப்பல் ஆறாயிரத்துல இல்லை, கிட்ட இருக்கு. நாம முன்னால போடுற குண்டு அதோட மூக்கு மேலயே விழும்."

லெப்டினன்ட் சுவரிலிருந்த தாளைத் திரும்பிப் பார்த்தார். திங்கள், எட்டரை, வற்றம். அச்சடித்த எழுத்து. அதைச் சுட்டிக்காட்டி, தாள் துறைமுகத்திலிருந்து வந்தது, கணக்குத் தெரிந்தவர்கள் போட்டது என்றார். குரலில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக நிஜக் கப்பல்மேல் குழாயைத் திருப்பியிருக்கிற இருபத்து மூன்று வயதுக்காரர் அவர். கீழே சார்ஜன்ட் சோரி, தயார் என்று இரண்டாம் முறை சொல்லிவிட்டார்.

தைமு தோணியைக் காட்டினான். தோணியால் லெப்டினன்டுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் ஊரில் தோணி ஏது, திட்டு ஏது?

அப்போது மூலையிலிருந்து சான்டிகி பேசினான். அந்தக் கூடத்தில் அவனுக்குப் பேச உரிமையே இல்லை. ஓடிப்போய்ச் செய்தி சொல்ல வந்தவன்.

"சார், இவன் என் தங்கச்சி புருஷன். ஆறு வருஷமா இவனைத் திட்டுறதுதான் எனக்குப் பொழுதுபோக்கு. பீரங்கியப் பத்தி இவன் சொன்னா நம்பாதீங்க. தண்ணியப் பத்திச் சொன்னா நம்புங்க. அதுல இவன் பொய் சொன்னதே இல்லை."

லெப்டினன்ட் அவனைப் பார்த்தார், இவனைப் பார்த்தார். ஒரு நொடி போனது. அந்த ஒரு நொடியில் தைமுவுக்கு மூளை வேலை செய்தது. வாதாடிப் பயனில்லை, காட்ட வேண்டும். இந்த மனிதருக்கு எண் வேண்டும்.

"சார், சிவப்பு மிதவை எத்தனை கஜம்?"

அது எல்லோருக்கும் மனப்பாடம். முனையிலிருந்து சிவப்பு மிதவை மூவாயிரத்து இருநூறு கஜம். சங்கிலியால் அடியில் கட்டியது, நகராது. தைமு தூரமானியைத் திருப்பி மிதவையின் அடிக்கோட்டில் கம்பியைப் பொருத்திவிட்டு விலகி நின்றான். லெப்டினன்ட் தானே குனிந்து கண் வைத்துப் பார்த்தார். பிறகு தகட்டைப் பார்த்தார்.

மூவாயிரத்து முந்நூற்று ஐம்பது.

மிதவை நகராது. கருவி பொய் சொல்லாது. பொய் சொன்னது ஏழடித் தண்ணீர்தான். லெப்டினன்ட் ஒரே எட்டில் சுவருக்குப் போய்த் தாளைக் கிழித்தெடுத்தார். மேல் மூலையில் சின்னதாகத் தேதி. போன வாரத்துத் தாள். ஏழு நாளில் ஓதம் தலைகீழாகப் புரண்டுவிடும். போன திங்கள் இந்நேரம் வற்றம் என்றால் இந்தத் திங்கள் ஏற்றம். நேற்று மாலை சுவரைச் சுத்தம் செய்து பழைய தாளென்று எதையோ குப்பையில் போட்டவர் அவரேதான். முகம் மூக்கின் நிறத்துக்கு வந்துவிட்டது.

"சரி பண்ணு" என்றார். தொலைபேசியில், "பொறுங்கள், எண் மாறுகிறது" என்றார்.

தைமு தாளைத் தேடவில்லை. தகட்டில் மூவாயிரத்து இருநூறு வரும்வரை திருகைத் திருப்பினான். அவ்வளவுதான், கருவி கடலோடு சமாதானமாகிவிட்டது. மறுபடி கப்பல்மேல் கம்பி. இந்த இழுபறியில் ஒரு நிமிடத்துக்கு மேல் போயிருந்தது.

"ஐயாயிரத்து நானூறு."

"ஐயாயிரத்து நூறு. சுடு!"

முனை குலுங்கியது. பயிற்சிக்குச் சுட்டபோது கேட்ட சத்தம்தான். ஆனால் அன்றைக்கு அது வேறு மாதிரி கேட்டது. கூடத்தின் கூரையிலிருந்து பதினான்கு மாதத்துச் சுண்ணாம்பு எல்லோர் தலையிலும் கொட்டியது. தைமு கண்ணைக் கண்ணாடியிலிருந்து எடுக்கவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ணினான். ஒன்பது எண்ணியபோது, கப்பலின் மூக்குக்கு முன்னால், கழுவின மாதிரி இருந்த கடலில் வெள்ளையாக ஒரு தூண் எழுந்தது. இலவமர உயரம். சற்று நேரம் அப்படியே நின்று, பிறகு சரிந்து விழுந்தது.

கப்பலுக்கும் அதற்கும் நடுவில் முந்நூறு கஜம் இருந்தது. தைமு அளந்து பார்த்தான்.

கப்பல் நின்ற வேகத்தைப் பார்த்தால் அதற்கும் பயம் என்று ஒன்று இருப்பது தெரிந்தது. பின்பக்கம் தண்ணீர் கொதித்தது. நங்கூரம் சங்கிலியோடு இறங்கிய சத்தம் முனைவரை வந்தது. அடுத்து கொடிகள் ஏறின. ஒன்றல்ல, இரண்டல்ல, கப்பலில் இருந்த கொடியெல்லாம் ஏறின. வெள்ளைக்கார வீட்டில் துணி காயப் போட்டது போல இருந்தது. அதில் ஒன்றுகூட அன்றைய அடையாளக் கொடி இல்லை. சோதனைப் படகு ஒருவழியாக அதைப் பிடித்துப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டது.

சான்டிகி மறுபடி பெட்டிமேல் உட்கார்ந்தான். தலையிலிருந்த சுண்ணாம்பைத் தட்டினான். ஒன்றும் பேசவில்லை. தைமுவுக்கு அந்த மௌனம் பீரங்கிச் சத்தத்தைவிட இனிமையாக இருந்தது.

பத்து மணிவாக்கில் முகாம் வாசலில் ஒரு களேபரம். யாபோமே வந்திருந்தாள். கையில் அகப்பை இருந்தது, அதை வைத்துவிட்டு வர அவளுக்குத் தோன்றவில்லை. பீரங்கி வெடித்தபோது அபர்டீனில் கோழிகள் கூரைமேல் ஏறின, தேவாலயத்துக் கண்ணாடி இரண்டு உடைந்தது, அவள் அடுப்பிலிருந்த சட்டி இரண்டாகப் பிளந்து குழம்பு நெருப்பில் போனது. இரண்டு ஆண்களில் யார் செத்தது என்று கேட்க வந்திருந்தாள். காவல்காரன், அம்மா, யாரும் சாகவில்லை, ஒரு கப்பலை நிறுத்தினோம் என்றான்.

"கப்பல நிறுத்துறதுக்கு என் சட்டி ஏன் உடையணும்?" என்று கேட்டாள் யாபோமே. பிறகு அகப்பையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். கண்ணைச் சுற்றிக் குழம்பு ஒட்டியதைக் காவல்காரன் பிறகு எல்லோரிடமும் சொன்னான். தைமு காதுக்கு அது வந்தபோது சிரிக்கத்தான் நினைத்தான். சிரிப்பு பாதியில் நின்றது. அவள் ஒருவனுக்காகவா வந்தாள், இரண்டு பேருக்காகவும் அல்லவா அந்த மலைப்பாதையில் ஓடி வந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

மதியத்துக்குள் முழுக் கதையும் தொலைபேசியில் வந்து சேர்ந்தது. நார்வே நாட்டுச் சரக்குக் கப்பல் அது. கூட்டமாக வந்த கப்பல்களோடு வந்தது. நடுக்கடலில் வானத்திலிருந்து விழுந்த குண்டில் மேல்தளம் எரிந்து, கொடிப் புத்தகம் சாம்பலாகி, வானொலி செத்து, நான்கு நாளாகத் தனியாக அலைந்திருக்கிறது. புழுதியில் கரை தெரியாமல், இந்த முனையை வேறொரு முனை என்று நினைத்து நேரே வந்திருக்கிறது. இன்னும் ஏழெட்டு நிமிடம் வந்திருந்தால் கண்ணிவெடி வரிசை. அதற்கு முன்பே பழைய எண்ணில் சுட்டிருந்தால் எச்சரிக்கைக் குண்டு மாலுமிகள் நிற்கும் முன்தளத்தில். ஐம்பத்தோரு பேர் அதில் இருந்தார்கள்.

இதையெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டிருந்த லெப்டினன்ட் ஹார்கிரீவ், கடைசியில் கப்பலின் சரக்கு என்ன என்று கேட்டார். பதிலைக் கேட்டுவிட்டு முதல் தடவையாகச் சிரித்தார். சான்டிகியைப் பார்த்து, உங்கள் குன்றுக்குப் புதிய உயரமானி ஒன்று, பத்தாயிரம் குண்டு, நான்கு பீரங்கிக்கும் புதுக் குழாய், எல்லாம் அந்தக் கப்பலில்தான் இருக்கிறது, போய்ச் சொல்லு என்றார்.

விமானம் பறக்கும் உயரத்தை அளக்கும் பழைய உயரமானி சரியில்லை, அதனால்தான் குண்டெல்லாம் விமானத்துக்குக் கீழே வெடிக்கிறது என்று குன்றுக்காரர்கள் ஒரு வருடமாக எழுதிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். சான்டிகி எழுந்தான். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தான்.

"மச்சான்."

"என்ன?"

"ஒண்ணுமில்லை" என்றான் சான்டிகி. குன்றுக்கு ஓடினான்.

மாலையில் நார்வேக் கேப்டன் முனைக்கு வந்தார். குட்டையான மனிதர். ஒரு பக்கப் புருவமும் அதற்குமேல் முடியும் எரிந்துபோயிருந்தன. மேலேறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டு, காலையில் சுட்டவர் யார் என்று கேட்டார். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று எல்லோரும் நினைத்தார்கள். சார்ஜன்ட் சோரி ஓரடி முன்னால் வந்து, சுட்டது தன் பீரங்கி என்றார். கேப்டன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு லெப்டினன்டிடம் திரும்பி, இருபது வருடம் கடலில் இருக்கிறேன், புழுதிக்குள் அவ்வளவு துல்லியமாக யாரும் வழி மறித்ததில்லை, அதிர்ஷ்டமா, கணக்கா என்று கேட்டார்.

லெப்டினன்ட் கணக்குதான் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். கூடத்தில் நடந்தது மூன்று பேருக்குத்தான் தெரியும். அதில் இரண்டு பேர் சாதாரணச் சிப்பாய்கள். அவர் காதுவரை சிவந்து நின்றார்.

"என் கணக்குத் தப்பு" என்று சொல்லி, பக்கத்தில் நின்ற தைமுவைக் காட்டினார். "சுவர்ல போன வாரத் தாளை மாட்டி வச்சிருந்தேன். இவர் ஒரு தோணியைப் பார்த்துக் கண்டுபிடிச்சார். நான் உடனே நம்பலை. நம்பாம சுட்டிருந்தா நீங்க இங்க வந்து நின்னிருக்க மாட்டீங்க."

தலைமையகத்துக்குப் போன அறிக்கையிலும் அப்படியே எழுதினார் என்று எழுத்தர் பிறகு சொன்னார். அதற்காக அவருக்கு மேலிடத்தில் கொஞ்சம் திட்டு விழுந்தது. முனைப் படையில் அன்றிலிருந்து அவருக்குக் கிடைத்த மரியாதை, சீருடைப் பட்டன்களைத் தேய்த்துப் பளபளப்பாக்கி வரவழைக்கிற மரியாதை இல்லை.

கேப்டன் தைமுவை ஏற இறங்கப் பார்த்தார். போருக்கு முன் என்ன வேலை என்று கேட்டார். மீன் பிடித்தேன் என்றான் தைமு. தன் அப்பாவும் அதே வேலைதான் என்றார் கேப்டன். இரண்டு பேரும் கடலைப் பார்த்தார்கள். கடல் அப்போது ஏறிக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல அங்கே யாருக்கும் தாள் தேவைப்படவில்லை.

மறுநாள் கப்பலிலிருந்து தைமு பெயருக்கு ஒரு மரப்பெட்டி வந்தது. கேப்டனின் அன்பளிப்பு. முகாமே கூடி நின்று திறந்தது. உள்ளே நாற்பத்தெட்டு டப்பா. ஒவ்வொரு டப்பாவிலும் மீன். வாரத்தில் ஏழு நாளும் மீன் தின்று வளர்ந்தவனுக்குக் கடல் தாண்டி வந்த பரிசு மீன். சார்ஜன்ட் சோரி சிரித்துச் சிரித்து மணல் மூட்டைமேல் சாய்ந்துவிட்டார். தைமு இரண்டு பேருக்கு ஒரு டப்பா என்று கொடுத்தான். லெப்டினன்டுக்கு இரண்டு கொடுத்தான். நான்கை வீட்டுக்கு எடுத்துப் போனான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாபோமே வீட்டில் கூட்டம். சட்டி உடைந்த வீடுகள், கோழி கூரையேறிய வீடுகள், விறகுத் தோணியில் போன மூன்று பெண்கள், எல்லோரும் நடந்ததைக் கேட்க வந்திருந்தார்கள். டப்பா மீனை யாபோமே செம்பனை எண்ணெயில் போட்டு, மிளகாயை அள்ளிக் கொட்டி, நார்வேக்காரனுக்கே அடையாளம் தெரியாதபடி குழம்பாக்கியிருந்தாள்.

கதை சொன்னது தைமு இல்லை. சான்டிகிதான். நின்றுகொண்டு, இரண்டு கையையும் ஆட்டிச் சொன்னான். கப்பல் வந்ததும் லெப்டினன்ட் நடுங்கினார், மச்சான் வாயடைத்துப்போனான், அப்போது நான் எழுந்தேன் என்றான். சார், பொறுங்கள், கடலைக் கேட்காமல் சுடாதீர்கள் என்று நான் சொன்னேன் என்றான். லெப்டினன்ட் என் கையைப் பிடித்துக்கொண்டு, சான்டிகி, நீ இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்றார் என்றான். விறகுத் தோணிப் பெண்களில் ஒருத்தி, அப்படியானால் நாங்கள்தான் கப்பலைக் காப்பாற்றினோம் என்றாள். சான்டிகி பெருந்தன்மையோடு அவர்களுக்கும் கொஞ்சம் பங்கு கொடுத்தான்.

யாபோமே கணவன் பக்கம் குனிந்தாள். "இவன் சொல்றது நெஜமா?"

தைமு வாயிலிருந்த சோற்றை விழுங்கினான். கூடத்து மூலையில், பேச உரிமையில்லாத இடத்தில், தயங்காமல் எழுந்த அந்தக் குரல் இன்னும் அவன் காதில் இருந்தது. தோணி, திட்டு, மிதவை எல்லாம் சரிதான். ஆனால் லெப்டினன்ட் திரும்பிப் பார்த்தது அந்தக் குரலுக்குத்தான்.

"கையப் பிடிச்சது மட்டும் பொய்" என்றான். "மத்ததெல்லாம் கிட்டத்தட்ட நெஜம்."

யாபோமே இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குழம்பிலிருந்து மீன் துண்டுகளைத் தேடி எடுத்து ஆளுக்கு இரண்டாக வைத்தாள். சான்டிகி கதையை நடுவில் நிறுத்திவிட்டு, மச்சான் தட்டில் இருக்கும் துண்டு பெரிசு என்று சண்டைக்கு வந்தான். வேண்டுமானால் உன் புது உயரமானியை வைத்து அளந்து பார் என்றான் தைமு. கூட்டம் சிரித்த சிரிப்பில் வாசலில் கிடந்த நாய் எழுந்து ஓடியது.